இரண்டு நெற்றி விளக்குகள்

கஸ்பார்: நீ அனுப்பின படத்துல ரெண்டு வெளிச்சம், சோலேன். ஒண்ணு இல்ல, ரெண்டு.

சோலேன்: ரெண்டு வெளிச்சம்னா ரெண்டு ஆளு. ஆளுக்கு ஒரு நெத்தி விளக்கு. குளிர்காலத்துல இங்க யாரும் தனியா வெளிய போகக் கூடாது. உனக்குத் தெரியாத சட்டமா?

கஸ்பார்: சட்டம் தெரியும். துணைக்கு யார் வர்றாங்கன்னுதான் கேக்கறேன்.

சோலேன்: பாஸ்கால். ஜெனரேட்டர் பாக்கறவர். முன்னாடியே சொன்னேனே.

கஸ்பார்: பாஸ்கால் உன் தோளுக்குத்தான் வருவாரு. படத்துல அந்த ரெண்டாவது விளக்கு உன் தலைக்கு ஒரு முழம் மேல இருக்கு.

சோலேன்: ...

கஸ்பார்: இருக்கியா?

சோலேன்: இருக்கேன், இருக்கேன். சேட்டிலைட் போன்டா இது. நீ பிரான்ஸ்ல நீஸ் ஊர்ல இருந்து பேசினா தென் துருவத்துக்கு வந்து சேர வேணாமா?

கஸ்பார்: நான் பேசறது டக்குனு வந்துடுது. உன் பதில்தான் யோசிச்சு யோசிச்சு வருது.

சோலேன்: ஏணி மேல நின்னிருப்பாரு.

கஸ்பார்: தினமுமா?

சோலேன்: கஸ்பார்... படம் எதுக்குக் கேட்டே? தொலைநோக்கிக் கண்ணாடில பனி படிஞ்சிருக்கான்னு பாக்க. பனியப் பாருன்னா நீ ஆளைப் பாக்கறே.

கஸ்பார்: ஆள் கண்ணுல படுதே, என்ன செய்ய? அந்த உயரத்துல உங்க நிலையத்துல ஒரே ஒருத்தன்தான். அந்த டாக்டர்.

சோலேன்: ஃபெருச்சோவா? அவர் எதுக்குப்பா வர்றாரு?

கஸ்பார்: அதைத்தான் நானும் கேக்கறேன்.

சோலேன்: சாப்பிட்டியா நீ?

கஸ்பார்: பேச்சை மாத்தாதே.

சோலேன்: மாத்தல. நீ பசியோட இருந்தா இப்படித்தான் எதையாவது பிடிச்சுக்குவே. மதியம் ஆயிருச்சுல்ல அங்க?

கஸ்பார்: கையில ரொட்டி இருக்கு. அப்புறம் திங்கறேன். நடுக்குளிர்கால விருந்து போட்டோவும் பார்த்தேன்.

சோலேன்: பார்த்தியா! என் பெங்குவின் வேஷம் எப்படி?

கஸ்பார்: ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு பெங்குவின் இல்லாத ஊர்ல பெங்குவின் வேஷம்.

சோலேன்: அதனாலதான் போட்டேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க.

கஸ்பார்: சிரிச்சாங்க. ஒருத்தன் மட்டும் சிரிக்கல. ரோமாபுரிச் சக்கரவர்த்தி மாதிரி போர்வையைச் சுத்திக்கிட்டு, உன் பக்கத்துல உக்காந்து, உன் தட்டுல இருந்த கறியைத் துண்டு துண்டா வெட்டிக்கிட்டிருந்தான்.

சோலேன்: அதுக்கு என்ன இப்ப?

கஸ்பார்: கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நான் உனக்கு ஒரு துண்டு கறி வெட்டிக் குடுத்திருக்கேனா?

சோலேன்: இல்ல. நீ என் தட்டுலேருந்து எடுத்துத்தான் தின்னிருக்கே.

கஸ்பார்: விளையாடாதே.

சோலேன்: பெங்குவினுக்குக் கை ஏதுடா? ரெக்கைதானே! கத்தியை எப்படிப் பிடிக்கறது? அதான் வெட்டிக் குடுத்தாரு.

கஸ்பார்: கழட்டி வச்சுட்டுச் சாப்பிட வேண்டியதுதானே?

சோலேன்: வேஷம் கலைஞ்சுரும்.

கஸ்பார்: எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருக்கே. எனக்குப் பயமே அதுதான்.

சோலேன்: பன்னெண்டு பேரு ஒரே கூரைக்குக் கீழ. நவம்பர் வரைக்கும் ஒரு விமானம் வராது. ஒருத்தர் தும்மினா அடுத்த ரூம்காரர் கைக்குட்டை நீட்டுவாரு. இங்க ரகசியம் வச்சுக்கவே முடியாது, தெரியுமா?

கஸ்பார்: பன்னெண்டு பேருக்குத் தெரிஞ்சிருக்கும். பதிமூணாவது ஆளு எனக்குத்தான் தெரியாது.

சோலேன்: அட, போடா!

கஸ்பார்: எனக்கு எதுமேல பொறாமைன்னு எனக்கே புரியல, சோலேன். அந்த டாக்டர் மேலயா, அந்த இடத்து மேலயா... நான் போயிருக்க வேண்டியது. மூணு மாசம் விடியாத ராத்திரி. ஒரே நட்சத்திரத்தை இமை கொட்டாம பார்த்துக்கிட்டே இருக்கலாம். இங்க என்ன? பாக்க ஆரம்பிச்சாப் பாதியில விடிஞ்சு தொலைக்குது.

சோலேன்: உன்னோட ரத்தக் கொதிப்பைப் பார்த்துட்டு அனுப்ப மாட்டேன்னாங்க. அதுக்கு நான் என்ன செய்ய?

கஸ்பார்: ஒண்ணும் செய்ய வேணாம். நீ போயிட்டே. மின்சார வேலை தெரிஞ்ச பொண்ணு தொலைநோக்கியைப் பாத்துக்கப் போயாச்சு. வானத்தைப் படிச்சவன் இங்க எண்களை எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கேன்.

சோலேன்: யாருக்காகப் போனேன்? சொல்லு, யாருக்காக? போன குளிர்காலத்து எண்கள்ல ஒரு பள்ளத்தைக் கண்டுபிடிச்சுட்டு, பால்கனியில நின்னு குதிச்சது யாரு? “நட்சத்திர வெளிச்சம் ஒரு துளி குறையுது, குறுக்க ஒரு கிரகம் போகுது, வியாழனைவிடப் பெருசு, இன்னொரு தடவை பாத்துட்டா உறுதி”ன்னு கீழ்வீட்டுக்காரங்களையெல்லாம் எழுப்பினது யாரு? அந்த இன்னொரு தடவைக்காகத்தான் நான் இங்க மைனஸ் எழுபதுல நிக்கறேன்.

கஸ்பார்: தெரியும்.

சோலேன்: தெரிஞ்சா சரி.

கஸ்பார்: ஆனா சாயங்காலம் எங்க குழு கூடுது. நான் ஒண்ணு சொல்லப் போறேன்.

சோலேன்: என்ன?

கஸ்பார்: தொலைநோக்கித் தளத்துக்கு உன்கூட வர்ற துணையை மாத்தணும்னு. உங்க தலைவி ஓடீலுக்கு எழுதச் சொல்லப் போறேன். டாக்டர் வேலை டாக்டர் பாக்கட்டும்.

சோலேன்: வேணாம்.

கஸ்பார்: பாரு! இதுக்கு மட்டும் பதில் டக்குனு வருது.

சோலேன்: கஸ்பார், தயவுசெஞ்சு எழுதாதே.

கஸ்பார்: ஏன்? பாஸ்கால்தான் வர்றாருன்னா, மாத்தறதுல உனக்கு என்ன நஷ்டம்?

சோலேன்: ஓடீல் விசாரிப்பாங்க. விசாரிச்சா என்னை வெளியவே விட மாட்டாங்க. கண்ணாடியைத் துடைக்க ஆள் இருக்காது. தொலைநோக்கியை மூடிடுவாங்க. நம்ம கிரகம்... அது இந்தக் குளிர்காலத்துல குறுக்க வரணும்ல?

கஸ்பார்: ...

சோலேன்: வரணும்ல, கஸ்பார்?

கஸ்பார்: ஆமா... வரணும்.

சோலேன்: அப்ப எழுதாதே.

கஸ்பார்: என்னத்த விசாரிப்பாங்க? அப்படி என்னதான் இருக்கு விசாரிக்க? சொல்லிடு, சோலேன். இங்க யாரும் இல்ல, கதவைச் சாத்திட்டுத்தான் பேசறேன். அழ மாட்டேன். கத்தவும் மாட்டேன். சொல்லு.

சோலேன்: சொல்ல ஒண்ணும் இல்ல.

கஸ்பார்: அவனைப் பிடிச்சிருக்கா?

சோலேன்: ஃபெருச்சோ தூக்கத்துல பாடுவாரு. சுவர் அதிரும். அவரைப் பிடிக்கணும்னா காது கேக்காதவளாப் பொறந்திருக்கணும்.

கஸ்பார்: தூக்கத்துல பாடறது உனக்கு எப்படித் தெரியும்?

சோலேன்: அடுத்த ரூம்டா! ஐயோ கடவுளே...

ஃபெருச்சோ: சோலேன், இங்கதான் இருக்கியா? ஊரெல்லாம் தேடறேன். கையைக் குடு.

கஸ்பார்: யாரு அது?

சோலேன்: அப்புறம் வாங்க, ஃபெருச்சோ. போன்ல இருக்கேன்.

ஃபெருச்சோ: அப்புறம்னா நீ வர மாட்டே. நேத்தும் இதேதான் சொன்னே. குடு கையை.

கஸ்பார்: எதுக்கு அவன் உன் கையைக் கேக்கறான்?

சோலேன்: ஒண்ணுமில்ல...

கஸ்பார்: சோலேன்! அவன் எதுக்கு உன் கையைப் பிடிக்கறான்?

ஃபெருச்சோ: கஸ்பாரா பேசறது? கொண்டா இப்படி. கஸ்பார், வணக்கம். எதுக்குப் பிடிக்கறேனா? கட்டுப் பிரிக்கத்தான். நீங்களாவது உங்க பொண்டாட்டிக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுங்க.

கஸ்பார்: கட்டா?

ஃபெருச்சோ: ஏன், சொல்லலயா அவ?

கஸ்பார்: என்ன கட்டு?

ஃபெருச்சோ: அடடா... நான் ஏதோ உளறிட்டேன் போல.

சோலேன்: நல்லா உளறினீங்க. போனைக் குடுங்க.

கஸ்பார்: குடுக்காதீங்க! டாக்டர், என்ன கட்டு?

ஃபெருச்சோ: வலது கையில ரெண்டு விரல் நுனி, குளிர்ல வெந்த மாதிரி ஆயிருச்சு. பயப்படாதீங்க, விரல் போகல. நகம் ரெண்டும் கழண்டாச்சு, திரும்ப வளரும். உணர்ச்சி வரத்தான் கொஞ்ச நாள் ஆகும்.

கஸ்பார்: எப்போ?

ஃபெருச்சோ: ரெண்டு வாரம் இருக்கும். அதுலேருந்து பிரஷ் பிடிக்க விடல நான். நான்தான் மேல ஏறி உங்க கண்ணாடியைத் துடைக்கறேன். அவ கையைச் சட்டைக்குள்ள விட்டுக்கிட்டுக் கீழ நின்னு, “இடது பக்கம், இன்னும் இடது பக்கம்”னு விரட்டுவா. என் தோள்பட்டை போச்சு. நாப்பது வயசுக்கு மேல ஒரு டாக்டருக்கு இது தேவையா?

கஸ்பார்: கறி வெட்டினது...

ஃபெருச்சோ: எந்தக் கறி?

கஸ்பார்: ஒண்ணுமில்ல.

ஃபெருச்சோ: ஓ, விருந்துலயா! கரண்டியே பிடிக்க முடியல, பாவம். பெங்குவின் ரெக்கைக்குள்ள கட்டை ஒளிச்சு வச்சிருந்தா, ஓடீல் பாத்துடக் கூடாதுன்னு. எனக்கு இது பிடிக்கவே இல்ல. நாளைக்குக் காலையில நானே ஓடீல்கிட்ட சொல்லிடறதாத்தான் இருக்கேன். இந்தாங்க, பேசுங்க. கட்டைக் கழட்டும்போது திட்டுவா, அது உங்களை இல்ல.

கஸ்பார்: சோலேன்.

சோலேன்: ம்.

கஸ்பார்: வலிக்குதா?

சோலேன்: இப்ப இல்ல. ஸ்... இப்ப வலிக்குது. மெதுவா, ஃபெருச்சோ!

கஸ்பார்: ஏன் சொல்லல?

சோலேன்: சொன்னா நீ என்ன செய்வே? மூட்டை கட்டிக்கிட்டுக் கிளம்பி வருவியா? அங்க உக்காந்து ரத்தக் கொதிப்பை ஏத்திக்குவே. இல்லன்னா ஓடீலுக்கு எழுதுவே.

கஸ்பார்: நான் எப்பேர்ப்பட்ட முட்டாள்...

சோலேன்: அதுல எனக்குச் சந்தேகமே இல்ல.

கஸ்பார்: நீ அங்க விரலைக் குடுத்துக்கிட்டு நிக்கறே. நான் இங்க முழம் போட்டு அளந்துக்கிட்டு உக்காந்திருக்கேன்.

சோலேன்: அளக்கட்டும்னுதான் விட்டேன். கொஞ்சம் நல்லாத்தான் இருந்துச்சு. கல்யாணத்துக்கு முன்னாடி இருந்த கஸ்பார் மாதிரி.

கஸ்பார்: சிரிக்காதே. நான் ஒண்ணு சொல்லணும். அதைக் கேட்டா சிரிக்க மாட்டே.

சோலேன்: சொல்லு.

கஸ்பார்: டாக்டர் இருக்காரா?

சோலேன்: பஞ்சு எடுக்கப் போயிருக்காரு.

கஸ்பார்: கிரகம் இல்ல, சோலேன்.

சோலேன்: ...

கஸ்பார்: கேட்டுச்சா? நம்ம கிரகம்... அப்படி ஒண்ணு இல்லவே இல்ல. ரெண்டு வாரமா எனக்குத் தெரியும். அங்க பெரிய காத்து அடிச்சுதே, அன்னிக்கு எண்கள்ல போன வருஷம் வந்த அதே பள்ளம் வந்துச்சு. உன்னைக் கூப்பிட்டுச் சொல்லப் போனேன். அதுக்குள்ள வெளிச்சம் சடார்னு ஏறிருச்சு. கிரகம் அப்படி விலகாது. மெல்ல வரும், மெல்லத்தான் போகும். போன வருஷத்து எண்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அந்த மூலையில இருக்கற இன்னொரு நட்சத்திரமும் கூடவே மங்கியிருக்கு. தொலைநோக்கிக் கேமராப் பெட்டிக் கண்ணாடியோட மூலையில ஒட்டின பனி, அவ்வளவுதான். ஒரு பனித்துணுக்கைப் பார்த்துட்டுத்தான் நான் பால்கனியில குதிச்சிருக்கேன். அன்னிக்குக் காத்துல அது உதிர்ந்திருக்கணும்.

சோலேன்: ம்.

கஸ்பார்: குழுவுக்கு இன்னும் சொல்லல. சொல்லியிருந்தா அந்த நட்சத்திரத்தை அன்னிக்கே விட்டிருப்போம். விட்டுட்டா, பனியப் பாக்கணும், தினம் ஒரு படம் அனுப்புன்னு உன்கிட்ட எதைச் சொல்லிக் கேப்பேன்? அந்த ஒரு படத்துலதான் நீ இருக்கே. முகம்கூடத் தெரியாது, ஒரு விளக்குப் புள்ளி. ஆனா அது நீ. அதுக்காக, இல்லாத கிரகத்துக்கு உன்னை இந்தக் குளிர்ல... கைவிரலோட... திட்டு, சோலேன். நல்லாத் திட்டு. சாயங்காலமே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்.

சோலேன்: காத்துல உதிரலடா அது. நான்தான் சுரண்டினேன். இங்க திரையில அந்தப் பள்ளம் விழறதைப் பார்த்ததும், உன் கிரகம் வந்துருச்சுன்னு சந்தோஷத்துல கண்ணாடியைப் பாக்க ஓடினேன். மூலையில நகம் அளவு பனி. பெரிய கையுறையைப் போட்டுக்கிட்டு எடுக்க வரல, கழட்டிட்டு எடுத்தேன். விரலும் அப்பவே போச்சு, உன் கிரகமும் அப்பவே போச்சு. ரெண்டையும் உன்கிட்ட சொல்ல எனக்கு மனசு வரல. நீயா கண்டுபிடிச்சுச் சொல்லுவேன்னு பார்த்தா, நீ மறுநாளும் படம் கேட்டே. அதுக்கு அடுத்த நாளும் கேட்டே. நீ எதுக்குக் கேக்கறேன்னு எனக்குப் புரியாதா? அதனாலதான் டாக்டரை ஏணியில ஏத்திட்டு, படம் எடுத்து முடியற வரைக்கும் நான் தளத்தைப் படம் எடுக்கற கேமராவுக்கு நேரா அசையாம நின்னேன்.