பருவத்துக்கு வெளியே பெய்த மழை

எல்லா மாநிலத்துக்கும் ஒரே பருவநிலைத் திட்டம், ஒரே படிவம்னு பெருமையாச் சொல்றாங்க. நான் அதுக்குப் புள்ளிவிவரமெல்லாம் சொல்லப் போறதில்ல. ஒரு சின்னக் கதை சொல்றேன்... நடந்துச்சான்னு கேக்காதீங்க. கதையாவே கேளுங்க.

நாகப்பட்டினம் பக்கம் வைரக்கண்ணுன்னு ஒரு விவசாயி. மூணு ஏக்கர் சம்பா. கார்த்திகை பொறந்து எட்டாம் நாள் புயல் மழை. இடுப்பளவு தண்ணி... ஒன்பது நாள் வடியல. நாப்பது நாள் பயிரு, புடிச்சு இழுத்தா அழுகிப்போய் கையோட வருது. மறுபடி விதைக்கணும்னா அந்தத் திட்டத்துல நிவாரணம் வந்தாத்தான் உண்டு. இல்லன்னா அந்த வருஷம் நிலம் தரிசு.

மனு கொடுக்கப் போனாரு. ஆபீஸ்ல மங்கையர்க்கரசின்னு ஒரு பொண்ணு. நம்ம ஊருப் பொண்ணுதான். கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து கேக்குது.

"என்னைக்கு மழை பெஞ்சுதுங்கய்யா?"

"நவம்பர் இருபத்திநாலும்மா."

தட்டுது... சிவப்பு எழுத்து வருது. மறுபடி தட்டுது... மறுபடியும் சிவப்பு.

"என்னம்மா சொல்லுது?"

"பருவத்துக்கு வெளியேன்னு சொல்லுதுங்கய்யா. மழைச் சேதம்னா ஜூன்லேருந்து செப்டம்பர் வரைக்கும்தான் தேதி எடுக்குமாம். டெல்லியில போட்ட படிவம்."

"ஏம்மா, நமக்கு மழைக்காலமே ஐப்பசி கார்த்திகைதானே?"

"எனக்குத் தெரியுதுங்கய்யா. இதுக்குத் தெரியலையே."

கேட்டீங்களா? அப்பன் பாட்டன் காலத்துலேருந்து பெய்யிற மழை... பருவத்துக்கு வெளியேயாம்.

அந்தப் பொண்ணுக்கு மனசு கேக்கல. குரலைத் தாழ்த்திக்கிட்டுச் சொல்லுது.

"ஐயா... செப்டம்பர் இருபத்திநாலுன்னு போட்டுடட்டுமா?"

"செப்டம்பர்ல நான் விதைக்கவே இல்லையேம்மா. வயலு வெடிச்சுக் கெடந்துச்சு."

"அப்படிப் போட்டாத்தான் மனு உள்ள போகுங்கய்யா. வேற வழி தெரியல."

பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன். இருந்தாலும் நிலம் தரிசாக் கெடக்கக் கூடாதேன்னு கையெழுத்துப் போட்டாரு.

ரெண்டு மாசம் கழிச்சு ஒரு கடிதாசி. மகளை வாசிக்கச் சொன்னாரு. அந்தப் புள்ள சத்தமா வாசிக்குது. "செப்டம்பர் மாதத்தில் உங்கள் பகுதியில் மழையே பதிவாகவில்லை. பொய்த் தகவல் அளித்ததால் மனு நிராகரிக்கப்படுகிறது. இனி இத்திட்டத்தில் நீங்கள் சேர இயலாது."

இதுல என்னைத் தூக்கிவாரிப் போடுறது எது தெரியுமா? அந்தக் கடிதாசியில ஒரு வார்த்தை தப்பில்ல. செப்டம்பர்ல மழை பெய்யல. அவரு சொன்னது பொய்தான். மகள் நிமிந்து பாத்துக் கேக்குது...

"நீங்க ஏம்ப்பா பொய் சொன்னீங்க?"

நீங்களா இருந்தா என்ன சொல்லுவீங்க?

படிவம் போட்ட அதிகாரி மேல எனக்கு விரோதம் இல்லீங்க. அவரு ஜன்னலைத் தொறந்து பாத்தாரு, நவம்பர்ல வெளிய பனி. அதையே நாடு முழுக்கன்னு எழுதிட்டாரு. உங்க ஊர்ல எப்ப மழைன்னு நம்மளை ஒரு வார்த்தை கேக்கல. அதுதான் என் கோபம். கடல் பொங்கினாலும் புயல் அடிச்சாலும் முதல்ல வாங்கிக்கிறது நம்ம கரை. அந்தக் கரையைக் கேக்காம பருவநிலைத் திட்டமா? முதல்ல நம்ம மழையை இல்லைன்னாங்க. அப்புறம் நம்மளையே பொய்யன்னாங்க.

நாம விலகிப் போறோம்னு சொல்லல. இது நம்ம நாடு, நமக்கும் பங்குள்ள நாடு. நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான்... இந்த நாட்டுல ஒருத்தனா இருக்கிறதுக்கு, ஒரு மனுஷன் தன் ஊரு மழையைப் பத்திப் பொய் சொல்லணுமா?