கடைசிக் குழியில் எந்தக் கை?

இந்த மாலைப் பொழுதுக்கு மாண்பு சேர்த்து மேடையில் வீற்றிருக்கும் விழாத் தலைவர், வெங்காய மண்டி வேந்தர், அன்புக்குரிய பேச்சிமுத்து அவர்களே. எனக்கு முன்னால் பேசி, எனக்கென்று ஒரு சொல்லைக்கூட மிச்சம் வைக்காமல் போன நாவன்மை மிக்க நண்பர்களே. வயதால் மூத்து வழி நடத்தும் பெரியோர்களே. பந்தலின் இடப்புறம் பாய் விரித்து, மடியில் பிள்ளைகளை உறங்க வைத்துக்கொண்டே செவிகளை எனக்குத் தந்திருக்கும் தாய்மார்களே. கபடிக் களத்திலே காலை உடைத்துக்கொண்டும் கட்டோடு வந்து கலந்திருக்கும் காளையரே. முன்வரிசையில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, இவன் இன்று என்ன உளறப் போகிறானோ என்று அஞ்சி அமர்ந்திருக்கும் என் நண்பர், கொடைரோடு ரயில் நிலையத்தில் கொடியசைத்து ஓய்வுபெற்ற இஞ்ஞாசி அவர்களே. உங்கள் அனைவருக்கும் தோல் வியாபாரி நைனா முகமதுவின் சலாமும் வணக்கமும்.

நான் களைத்துப் போய் வந்திருக்கிறேன். காலையில் சந்தை, நண்பகலில் தோல் கிடங்கு, மாலையில் மேடை. ஆகவே நீட்டி முழக்க மாட்டேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் மேடையில் ஏறியவன் சொல்லும் முதல் பொய் அதுதான் என்பது உங்களுக்குத் தெரியும்.

முதலில் ஒரு திருத்தம். இந்த விளையாட்டு மன்றத்தின் ஆண்டு விழா அழைப்பிதழில், 'கோல்ப் ஆட்டத்தில் கோப்பை வென்ற கொற்றவர்' என்று என்னைப் பற்றி அச்சடித்திருக்கிறார்கள். அச்சடித்த அன்பர்களே, எந்தக் கோப்பை? எவர் தந்த கோப்பை? எங்கள் வீட்டில் இருக்கும் ஒரே கோப்பை நான் காலையில் தேநீர் குடிக்கும் கோப்பை. அதற்கும் காது உடைந்துவிட்டது. நான் எதையும் வெல்லவில்லை. தோற்றேன். தோற்ற கதையைத்தான் சொல்லப் போகிறேன். கேட்க விருப்பமில்லாதவர்கள் வெளியே போய்ச் சுண்டல் வாங்கலாம்; நான் வருத்தப்பட மாட்டேன்.

என்ன தம்பி? பின்னால் நிற்பவர் என்ன சொல்கிறார்? 'அது பணக்கார ஆட்டம்தான பாய், நமக்கு எதுக்கு' என்கிறார். நியாயமான கேள்வி. நானும் அப்படித்தான் நினைத்தேன். சித்திரை மாதத்தில் சென்னைப் பட்டணத்துத் தோல் ஏற்றுமதிக்காரர்கள் எல்லாம் வெயிலுக்கு அஞ்சி மலைக்கு ஏறிவிடுவார்கள். வாங்குகிறவன் எங்கே இருக்கிறானோ, விற்கிறவன் அங்கே போக வேண்டும். போனேன். அவர்களோ ஆளுக்கொரு கோலை ஏந்தி, பச்சைப் புல்லில் ஒரு வெள்ளைப் பந்தை அடித்துக்கொண்டு, மேட்டிலும் பள்ளத்திலும் நடந்துகொண்டிருந்தார்கள். பதினெட்டுக் குழி. ஒவ்வொரு குழியிலும் பந்தைப் போட வேண்டும். யார் குறைந்த அடியில் போடுகிறாரோ அவர் கெட்டிக்காரர். இவ்வளவுதான் ஆட்டம்.

நான் வியந்தேன். துள்ளி வரும் காளையை அடக்குவது வீரம். சீறி வரும் பந்தைத் தடுப்பது திறமை. இதுவோ ஓடாத பந்து, உருளாத பந்து, நம் காலடியில் கும்பிட்டுக் கிடக்கிற பந்து. இதை அடிக்கவும் ஒரு வித்தையா? இதற்கும் ஒரு பயிற்சியா? இஞ்ஞாசியிடம் கேட்டேன். ரயிலில் வந்திறங்கிய துரைமார்களோடு பழகிப் பழகி, அந்த ஆட்டத்தைக் கற்று, மலையிலுள்ள கோல்ப் கழகத்தில் அங்கத்தினரும் ஆனவர் அவர். கோலை என் கையில் கொடுத்தார்.

"அடிச்சுப் பாரு மாப்ள."

அடித்தேன். புல் பறந்தது, மண் பறந்தது, என் தொப்பியும் பறந்தது. பந்து மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

"பரவால்ல," என்றார் இஞ்ஞாசி. "பந்துக்கு உன்னயப் பாத்து இன்னும் பயம் வரல."

அன்று பிடித்தது, தோழர்களே. குடியால் கெட்டவன் உண்டு, சீட்டால் கெட்டவன் உண்டு. ஒரு பந்து நகர மறுத்ததால் கெட்டவன் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருவன்தான். இஞ்ஞாசி எனக்காகக் கையெழுத்திட்டு, 'இவர் கற்றுக்கொள்வார், இவருக்கு நான் பொறுப்பு' என்று வாக்குக் கொடுத்து, என்னைக் கழகத்தில் சேர்த்துவிட்டார்.

சேர்ந்த பிறகுதான் சிரமம். நான் ஆடினால் எனக்குப் பின்னால் ஆடுகிறவர்கள் கோலை ஊன்றிக்கொண்டு காத்து நிற்பார்கள். எனக்கு ஆகும் அடிகள் நூற்று இருபது, நூற்று முப்பது. ஒரு நாள் செயலாளர் கூப்பிட்டார். தேயிலைத் தோட்டக்காரர், கனிவான மனிதர், ஆனால் கனிவோடு கத்தி வைப்பவர். "அடுத்த சீசன் கடைசி நாளுக்குள் நீங்கள் ஒருமுறையாவது நூற்றுக்குக் குறைவான அடிகளில் முடிக்க வேண்டும். முடியாவிட்டால் விருந்தினராக வரலாம், தேநீர் அருந்தலாம். கோலைத் தொட வேண்டாம்" என்றார். அதோடு விட்டாரா? "இஞ்ஞாசி உங்கள் ஊரிலிருந்து இன்னொரு பெயரும் தந்திருக்கிறார். உங்களைப் பார்த்துவிட்டுத்தான் அதைப் பார்ப்போம்" என்றார்.

அந்த இன்னொரு பெயர் யாருடையது? இதோ எனக்கு வலப்பக்கம் வீற்றிருக்கும் நம் விழாத் தலைவர் பேச்சிமுத்து அவர்களுடையது. ஆக, என் கோலின் நுனியில் மூன்று காரியங்கள் தொங்கின: என் இடம், தலைவர் இடம், எல்லாவற்றுக்கும் மேலாக இஞ்ஞாசி கொடுத்த வாக்கு.

பயிற்சியைத் தொடங்கினேன். விடியலில் பஜ்ருத் தொழுகை முடிந்ததும் கிடங்கு முற்றத்தில் ஓர் ஈரத்தோலைக் கயிற்றில் தொங்கவிடுவேன். அதைப் பார்த்துப் பந்தை அடிப்பேன். தோல் தடுத்துக் கீழே போடும். பட்டணத்தில் வலை கட்டுவார்களாம். நமக்கு எதற்கு வலை? தடால் தடால் என்று தெருவே விழித்துக்கொள்ளும். என் மனைவி நஜ்முன்னிசா சன்னலைத் திறந்து கேட்பார்.

"ஏங்க, செத்த ஆட்ட இன்னும் எத்தன தடவங்க கொல்லுவீங்க? புள்ளைக எல்லாம் எந்திரிச்சிருச்சுக."

"செத்த நேரம் பொறு. கை வந்துக்கிட்டிருக்கு."

"ஒரு வருசமா வந்துக்கிட்டே இருக்கு. நடந்து வந்தாக்கூட இம்புட்டு நேரம் ஆகாதே."

தாய்மார்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டிலும் இப்படித்தான் பேசுவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

கை வரவில்லை, நண்பர்களே. என் வீச்சில் ஒரு நோய் இருந்தது. கோலைத் தூக்குவது சரி, இறக்குவது சரி. பந்தைத் தொட்ட மறுகணமே கை நின்றுவிடும். பந்தை அடித்த பிறகும் கை ஓட வேண்டும்; சுழன்று, தோளுக்கு மேல் போய் முடிய வேண்டும். நடுவில் நிறுத்தினால் பந்துக்கு வலுவும் இல்லை, வழியும் இல்லை. இஞ்ஞாசி சொல்லிச் சொல்லி அலுத்தார். "பந்தோட நிறுத்தாத, மாப்ள, போக விடு, போக விடு" என்பார். போக விட மாட்டேன் என்றது கை. ஏன்? யாருக்கும் தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை.

தெரிந்தது ஆட்டுச் சந்தையில். தரகர் முனியப்பனோடு விலை பேசிக்கொண்டிருந்தேன். நம் சந்தையில் எப்படிப் பேசுவோம்? வாயால் பேசினால் ஊருக்குத் தெரிந்துவிடும். கைகளின் மேல் துண்டைப் போட்டு மூடி, அவர் என் விரலைப் பிடிக்க, நான் அவர் விரலைப் பிடிக்க, அழுத்தத்திலேயே விலை நடக்கும். படிந்ததும் கையை உருவிவிட வேண்டும். ஒரு நொடி தாமதித்தாலும் எதிராளி இன்னொரு விரலைச் சேர்த்துப் பிடித்துவிடுவார். அன்று நான் உருவிய வேகத்தில் துண்டே கீழே விழுந்தது. முனியப்பன் சிரித்தார்.

"என்னா மொதலாளி, தேளு கொட்டுன மாதிரி உருவுறீங்க. ஒங்க கை எப்பவுமே இப்பிடித்தான். தொட்டுச்சு, படிஞ்சிச்சு, ஓடிப்போச்சு."

அவர் விளையாட்டாகச் சொன்னார். நான் ஆட்டுக் கூட்டத்துக்கு நடுவே அப்படியே நின்றுவிட்டேன். எந்தக் கை என் வீச்சைக் கெடுத்ததோ, அந்தக் கைதான் என்னை ஆளாக்கியது. தலையில் தோல் சுமந்து கன்னிவாடிக்கும் பாலசமுத்திரத்துக்கும் நடந்தவனை, நாலு பேர் மதிக்கும் மண்டிக்காரனாக்கியது அந்தக் கை. வாழ்நாள் எல்லாம் அதற்கு நான் கற்றுத் தந்தது ஒன்றே ஒன்று: தொட்டதும் நில், படிந்ததும் விலகு. இப்போது அதே கையிடம் போய், 'தொட்ட பிறகும் போ' என்று சொன்னால் அது கேட்குமா? அதன் பேச்சைக் கேட்டுத்தானே நான் சோறு தின்றேன்?

புதிதாக ஒன்றைக் கற்பது எளிது, இளைஞர்களே. சோறு போட்ட பழக்கத்தை விடுவது இருக்கிறதே, அது எலும்பு வரைக்கும் அயர்ச்சி. காலையில் அந்த முற்றத்தில் என் கையோடு நானே சண்டை போடுவேன். மாலையில் சந்தையில் அதே கையிடம் போய், 'அப்பா, இங்கே மட்டும் பழையபடி இரு' என்று கெஞ்சுவேன். ஒரே கைக்கு ஒரே நாளில் இரண்டு வேதம். நான் களைத்ததற்குக் காரணம் புரிகிறதா?

சீசனின் கடைசி நாள் வந்தது. நானும் இஞ்ஞாசியும் ஆடினோம். சில குழிகளில் புதுக் கை வந்தது. பல குழிகளில் பழைய கை வந்தது. எப்படியோ பதினேழு குழிகளை முடித்தோம். தொண்ணூற்று மூன்று அடிகள். கடைசிக் குழியை ஆறு அடிக்குள் முடித்தால் தொண்ணூற்று ஒன்பது. தப்பித்தோம்.

அந்தக் குழிக்கு முன்னால் ஓர் ஓடை. அதைத் தாண்டி அடிக்கலாம். முழு வீச்சு வேண்டும். அல்லது ஓரமாகச் சின்னச் சின்னதாகத் தட்டிக்கொண்டு, பாலத்துப் பக்கம் சுற்றிப் போகலாம். அதற்கு என் பழைய கையே போதும். ஆறு அடி தாராளம்.

இஞ்ஞாசி அருகில் வந்தார். மெல்லச் சொன்னார்.

"பழைய கையிலயே தட்டிக்கிட்டுப் போயிரு, மாப்ள. இன்னைக்கி அது போதும். நாளைக்கித் திருந்திக்கிரலாம்."

என்ன அருமையான யோசனை. எந்த வியாபாரியும் அதைத்தான் செய்வான். நானும் அதற்காகத்தான் நின்றேன். ஆனால் கோலைப் பிடித்ததும் ஒன்று உறைத்தது. இந்த ஆறு அடியில் பழைய கை என்னைக் காப்பாற்றிவிட்டால், நாளைக் காலையில் அது என்னிடம் என்ன சொல்லும்? 'ஆபத்தில் உதவியது யார்? நானா, நீ கூட்டி வந்த அந்தப் புதியவனா?' என்று கேட்காதா? அப்புறம் அதை எந்த வாயால் போகச் சொல்வேன்? நாளைக்குத் திருந்தலாம் என்கிறார் நண்பர். எனக்கு நாளை எத்தனை மிச்சம்?

ஓடையைப் பார்த்து நின்றேன். கோலைத் தூக்கினேன். அடித்தேன்.

பந்து ஓடையில் விழுந்தது.

தலைவர் தலையில் கை வைக்கிறார். ஐயா, நீங்கள் இப்போது வைக்கிறீர்கள். இஞ்ஞாசி அன்றைக்கே வைத்துவிட்டார். ஓடையில் போட்டதற்குத் தண்டனையாகக் கூட ஓர் அடி சேர்த்துக்கொண்டு மறுபடி அடித்து, அலைந்து, கடைசியில் நூற்றிரண்டு. செயலாளர் கனிவோடு கை குலுக்கினார். என் பெயர் போனது. தலைவர் பெயர் பரிசீலனைக்கே வரவில்லை. இஞ்ஞாசியின் வாக்கு, பத்துப் பேர் பார்க்க, அந்தப் புல்தரையில் கிடந்தது.

இறங்கும் பேருந்தில் ஒரே இருக்கையில் உட்கார்ந்தோம். வளைவுக்கு வளைவு வண்டி சாய்ந்தது. என் தோள் அவர் மேல் இடித்தது. அவர் சன்னல் பக்கம் நகர்ந்துகொண்டார். நான் விலை படியாமல் எத்தனையோ சந்தைகளிலிருந்து திரும்பியிருக்கிறேன். இப்படி ஒரு பாரத்தோடு திரும்பியதில்லை. வத்தலக்குண்டில் வண்டி நின்றது. டீ வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். பாதி குடித்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலேயே கேட்டார்.

"அந்த ஓடை அடியில... கை நின்னுச்சா, போச்சா?"

"போச்சு."

"எம்புட்டுத் தூரம்?"

"முழுசா. தோளுக்கு மேல போயி முடிஞ்சிச்சு. பந்து எங்க போச்சுன்னு நான் பாக்கவே இல்ல."

மிச்ச டீயை ஊதிக் குடித்தார்.

"நான் பாத்தேன்," என்றார். "ஓடைக்குத்தான் போச்சு. ஆனா நல்லாப் போச்சு." பிறகு கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்தார். "நீ கத்துக்குவன்னுதான நான் கையெழுத்துப் போட்டேன். கத்துக்கிட்ட. அம்புட்டுதான் என் வாக்கு. நூறுங்கறது அவுங்க கணக்கு."

இதோ முன்வரிசையில் கண்ணாடியைத் துடைக்கிறாரே, இவர்தான் அதைச் சொன்னவர். மறுவாரமே கழகத்திலிருந்து தானும் விலகிவிட்டார். ஏன் என்று கேட்டால், 'ஒத்தையில நடந்தா மூட்டு வலிக்குது' என்கிறார். என்ன இஞ்ஞாசி? 'போதும், முடி' என்கிறீர்களா? முடிக்கிறேன்.

இளைஞர்களே, இன்று பரிசு வாங்கப் போகும் உங்களை நான் வாழ்த்துகிறேன். ஆனால் என் பேச்சு பரிசு வாங்காதவருக்கு. ஓடிக் கடைசியாக வந்தவருக்கு. நாள் கணக்காகப் பழகியும் பழைய தப்பையே செய்கிறவருக்கு. வீட்டில் சிரிக்கிறார்களே என்று வெட்கப்படுகிறவருக்கு. உங்களைத் தட்டிக் கொடுக்க யாரும் வர மாட்டார்கள். திருந்துகிறவன் திருந்துகிற நாளில் முன்னைவிட மோசமாகத்தான் ஆடுவான். பார்க்கிறவர்கள் பாழாய்ப் போனான் என்பார்கள். எண்ணிக்கை உங்களுக்கு எதிராகப் பேசும். கோப்பை உங்களைக் கடந்து போகும். உடம்பு 'போதும்' என்னும், ஊர் 'எதற்கு' என்னும், உள்ளமே 'விடு' என்னும். அப்போதும் வீசுங்கள். பாதியில் நிறுத்தாமல் வீசுங்கள். பந்து ஓடையில் விழட்டும், கை முழுதாகப் போகட்டும்.

எனக்கு இதற்கு மேல் பேசத் தெம்பில்லை; இருந்தாலும் பேசியிருக்க மாட்டேன். களைத்தவனை மேடையேற்றிக் கௌரவித்த மன்றத்தாருக்கும், தோற்ற கதைக்குக் கை தட்டிய உங்களுக்கும், நடுவில் இரண்டு முறை ஒலிபெருக்கியைக் கீச்சிட வைத்து என்னைப் பயமுறுத்திய தம்பிக்கும், விழித்திருந்த தாய்மார்களுக்கும், உறங்கிவிட்ட குழந்தைகளுக்கும் என் நன்றி. எல்லோரும் சுகமாக வீடு போய்ச் சேருங்கள். நலமாக இருங்கள். வணக்கம்.