செத்த இஞ்சினியர் சிக்னல்

நீதியா: ஓரமா வாங்க இஞ்சினியரே! நடுரோட்டுல நின்னு விதி வாசிக்காதீங்க, பச்சை விழுந்துடுச்சு!

லெயோனிதாஸ்: விதி எண் ஏழு. "பெயர் சந்திப்புக்கே உரியது, கம்பங்களுக்கு அன்று." இங்க நாலு கம்பம் நிக்குது. நாலுக்கும் தனித்தனியா பேர் ஒட்டினா வரைபடத்துல ஒரே பேர் நாலு தடவை... கொசு மொய்ச்ச மாதிரி...

நீதியா: போன்ல ஒத்தைப் புள்ளிதான் வைக்கிறேன், நாலுக்கும் நடுவுல. வச்சாச்சு, போதுமா? இப்ப பேரைச் சொல்லுங்க! அஞ்சு மணிக்கு அச்சகத்துக்காரர் ஃபைலை மூடிடுவாரு. நம்ம மனாகுவா ஊரு பஸ் வரைபடத்துல முந்நூத்திப் பன்னெண்டு சிக்னல். நாம நாப்பது பேரு வெயில்ல அலைஞ்சு, கேட்டுக் கேட்டுப் பேர் போட்டோம். இது ஒண்ணுதான் மொட்டையா நிக்குது!

லெயோனிதாஸ்: மொட்டையெல்லாம் இல்ல. பேர் தயாரா இருக்கு. "முன்னேற்றச் சந்திப்பு." எப்படி? கம்பீரமா இல்ல?

நீதியா: யாரு அப்படிக் கூப்பிடுறா?

லெயோனிதாஸ்: அச்சுல வந்தா கூப்பிடுவாங்க.

நீதியா: பதினோரு வருஷமா டாக்ஸி ஓட்டுறேன் இஞ்சினியரே. "முன்னேற்றத்துலேருந்து ஏரிப்பக்கமா ரெண்டு தெரு, கிழக்கால அரைத் தெரு"ன்னு ஒருத்தர் வாயிலும் வந்ததில்ல. தெரு நம்பர் இல்லாத ஊரு இது! சிக்னல் பேரை மாத்தினா அதைச் சுத்தி இருக்கிற நூறு வீடும் காணாமப் போயிடும். அப்புறம் பிரசவத்துக்கு ஆம்புலன்ஸ் எங்க போய் நிக்கும், முன்னேற்றத்துலயா?

லெயோனிதாஸ்: உணர்ச்சிவசப்படாதே. வரைபடக் கமிட்டித் தலைவர்ங்கிற முறையில...

நீதியா: கமிட்டின்னா யாரு?

லெயோனிதாஸ்: தலைவர், செயலாளர், ஆலோசகர்.

நீதியா: மூணும் நீங்கதானே?

லெயோனிதாஸ்: ...தற்காலிகமா.

நீதியா: சரி தலைவரே, விதி எண் ரெண்டை வாசிங்க. நீங்க எழுதினதுதான்.

லெயோனிதாஸ்: இப்ப அதுக்கு என்ன அவசரம்...

நீதியா: மணி நாலு முப்பத்தெட்டு. வாசிங்க!

லெயோனிதாஸ்: "அந்த இடத்திலேயே நின்று, அங்கே அன்றாடம் புழங்கும் மூவரைக் கேட்டு, மூவரும் ஒருமித்துச் சொல்லும் பெயரையே எழுதுக. எழுதுபவர் சாட்சியாகார்."

நீதியா: ஆகா! சிவப்பு விழுந்துடுச்சு, பஸ் நிக்குது! இருங்க... அண்ணே! ஓ அண்ணே! இந்த சிக்னலுக்கு என்னண்ணே பேரு? ...என்னது? ...சரிண்ணே, போங்க போங்க! கேட்டீங்களா இஞ்சினியரே?

லெயோனிதாஸ்: ஒரே இரைச்சல். ஒண்ணும் காதுல விழல.

நீதியா: "செத்த இஞ்சினியர் சிக்னல்"! சாட்சி ஒண்ணு!

லெயோனிதாஸ்: அவன் கிண்டல் பண்றான்.

நீதியா: உள்ளே தொங்கிட்டிருந்த முப்பது பேரும் தலையாட்டினாங்க. அவங்களுமா கிண்டல்?

லெயோனிதாஸ்: பஸ்காரனெல்லாம் ஒரு சாட்சியா? கௌரவமான ஆளைக் கேளு. அதோ, அந்தக் கன்னியாஸ்திரீ வராங்க பாரு. அவங்க வாயில கண்ட பேரும் வராது.

நீதியா: நீங்களே காட்டின ஆள், அப்புறம் பேச்சு மாறக்கூடாது! ...சிஸ்டர்! ஒரு நிமிஷம் சிஸ்டர்! இந்த இடத்துக்கு என்ன சொல்வீங்க? ...ம்... ம்... ரொம்ப நன்றி சிஸ்டர்!

லெயோனிதாஸ்: என்ன சொன்னாங்க?

நீதியா: சிலுவை போட்டுக்கிட்டே சொன்னாங்க. "செத்த இஞ்சினியர் சிக்னல், அன்னாரின் ஆன்மா சாந்தியடையட்டும்." பின்பாதியையும் எழுதணுமா?

லெயோனிதாஸ்: எழுதாதே! முன்பாதியையும் எழுதாதே!

நீதியா: ஏன் இப்படிப் பதறுறீங்க? ஊர்ல "சின்ன மரம் இருந்த இடம்"னு சிக்னல் இருக்கு, மரம் போயி நாப்பது வருஷமாச்சு. "கண்ணாடி உடைஞ்ச பேக்கரி" இருக்கு. எல்லாத்தையும் சிரிச்சுக்கிட்டே பதிஞ்சீங்க. இதுக்கு மட்டும் என்ன?

லெயோனிதாஸ்: தொழிலோட மானம் இருக்கு. ஒரு இஞ்சினியரைப் போய்...

நீதியா: அது மட்டுமா? என் டாக்ஸியில ஏறினா இந்த சிக்னல் பக்கமே வர விட மாட்டீங்க. மூணு தெரு சுத்திப் போகச் சொல்வீங்க.

லெயோனிதாஸ்: இங்க குழி ஜாஸ்தி.

நீதியா: குழி இல்லாத தெரு எது? சரி, மூணாவது சாட்சி. தோன்யா செப்பா! செப்பாம்மா! சட்டியை இறக்கிட்டு ஒரு பதில் சொல்லுங்க! இந்த மூலையில எத்தனை வருஷமா வாழைக்காய் பொரிக்கிறீங்க?

செப்பா: பத்தொன்பது வருஷம் கண்ணு. உனக்கு ஒரு தட்டு போடட்டுமா? அந்த ஐயாவுக்கு?

லெயோனிதாஸ்: எனக்கு வேண்டாம். வயிறு சரியில்ல.

நீதியா: தட்டு இருக்கட்டும். இந்த சிக்னலுக்கு என்ன பேரு?

செப்பா: இது தெரியாதா? செத்த இஞ்சினியர் சிக்னல்.

நீதியா: மூணு! மூணும் ஒண்ணு!

லெயோனிதாஸ்: நில்லு, நில்லு! ஆதாரம் வேணும். யாரந்த இஞ்சினியர்? எப்ப செத்தாரு? எப்படி?

செப்பா: மூணு அக்டோபருக்கு முன்னால. அப்ப சிக்னல் கிடையாது, அடியில மழைநீர்க் கால்வாய் வேலை நடந்துட்டிருந்துச்சு. கன்னங்கரேல்னு வானம். வேலையாளுங்க எல்லாரும் மேல ஏறிட்டாங்க. ஒருத்தர் மட்டும், மீசை வச்ச இஞ்சினியரு, நீல டை கட்டிக்கிட்டு...

லெயோனிதாஸ்: பச்சை டை.

செப்பா: ...என்ன?

லெயோனிதாஸ்: ஒண்ணுமில்ல. சொல்லுங்க.

செப்பா: கரையில நின்னு காகிதத்தை ஆட்டி ஆட்டிக் கத்துறாரு. "பயந்தாங்கொள்ளிங்களா, இறங்குங்கடா! அம்பது வருஷத்துக்கு ஒருதரம் பெய்யுற மழை வந்தாலும் இந்தக் கால்வாய் வழியாது!"

லெயோனிதாஸ்: நூறு வருஷ மழை.

நீதியா: உங்களுக்கு எப்படித் தெரியும்?

லெயோனிதாஸ்: ...பேப்பர்ல படிச்சேன்.

செப்பா: சொல்லி வாய் மூடல. மேலேருந்து தண்ணி வந்துச்சு பாரு கண்ணு, ஒரு பிரிட்ஜ், ரெண்டு பன்னி, ஒரு கதவு, எல்லாம் சேர்ந்து வந்துச்சு! கதவு அவரைத் தட்டிவிட்டுச்சு. காகிதம் ஒரு பக்கம், ஆளு ஒரு பக்கம். ஏரிப்பக்கமா இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு. மறுநாள் தலைக்கவசம் மட்டும்தான் கிடைச்சுது.

நீதியா: ஐயோ... வீட்டுக்காரங்க யாரும் தேடி வரலையா?

செப்பா: பேரு தெரிஞ்சாத்தானே! கான்ட்ராக்டர் அன்னிக்கே கம்பெனிப் பேர்ப் பலகையைக் கழட்டிக்கிட்டு ஓடிட்டாரு. நாங்கதான் இதோ, என் கடை ஓரத்துல இந்தச் சிலுவையை நட்டோம். துக்கத்துக்கு ஒன்பது நாளும் செபம், ரொட்டி, காப்பி. பாவம், வாய்க்கொழுப்பு இருந்தாலும் அவரும் ஒரு தாய் பெத்த பிள்ளைதானே?

லெயோனிதாஸ்: ...ஒன்பது நாளுமா?

செப்பா: தெருவே அழுதுச்சுய்யா.

லெயோனிதாஸ்: என் பொண்டாட்டி அவ்வளவு அழ மாட்டா...

நீதியா: நாலு அம்பது! மூணு சாட்சியும் சரி, கதையும் சரி. எழுதிட்டேன். தலைவர் ஒப்புதல்னு ஒரு பொத்தான் வச்சிருக்கீங்களே, அதை அமுக்குங்க!

லெயோனிதாஸ்: அமுக்க மாட்டேன்.

நீதியா: அமுக்கலைன்னா பேர் இல்லாமலே அச்சாயிடும்! நாப்பது பேர் உழைப்பு!

லெயோனிதாஸ்: அது பொய்! அவன் சாகல!

நீதியா: உங்களுக்கு எப்படி...

லெயோனிதாஸ்: சாகலைன்னா சாகல!

நீதியா: இது எந்த எண் விதி?

லெயோனிதாஸ்: விதியாவது மண்ணாவது! அது நான்தாம்மா! நான்!

நீதியா: நீங்களா?!

லெயோனிதாஸ்: ஏழு தெரு தள்ளி ஒரு வீட்டுக் கொல்லையில கரையேறினேன். பேன்ட் போச்சு, கண்ணாடி போச்சு. மானம் முதல் தெருவுலயே போச்சு. இருட்டினப்புறம் யாரோ உலர்த்தியிருந்த பாவாடையைச் சுத்திக்கிட்டு வீடு போய்ச் சேர்ந்தேன். மீசையை எடுத்தேன். வேலையை விட்டேன். அப்புறம் என்ன பண்ண? வரைபடக் கமிட்டி ஆரம்பிச்சேன்.

நீதியா: அம்மாடியோ... பொணத்தையா பின்சீட்டுல வச்சு ஓட்டிட்டிருந்தேன்!

லெயோனிதாஸ்: சிரிக்காதே. அச்சுல வந்துட்டா நான் காலத்துக்கும் செத்தவன். பேரப்பிள்ளைங்க பஸ்ல உக்காந்து, "செத்த இஞ்சினியருக்கு ஒரு டிக்கெட்"னு கேக்கும்!

நீதியா: நாலு அம்பத்தேழு! இப்ப என்ன செய்யறது? விதி பேரைத்தான் கேக்குது, ஆள் உசிரோட இருக்காரான்னு கேக்கல... இருங்க, ஒரு வழி இருக்கு. செப்பாம்மா, ஒரு சாட்சி மாறினா மூணு ரெண்டாயிடும், பேர் செல்லாமப் போயிடும். உங்க இஞ்சினியர் முழுசா முன்னால நிக்கிறாரு பாருங்க! மாத்திச் சொல்றீங்களா?

லெயோனிதாஸ்: சொல்லுங்க செப்பாம்மா. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறேன். நான் உசிரோடதான் இருக்கேன்.

செப்பா: தெரியும் இஞ்சினியரே. நீங்க கரையேறினது எங்க அக்கா வீட்டுக் கொல்லை, கட்டிக்கிட்டுப் போனது அவ பாவாடை. மறுநாளே வந்து சொல்லிட்டா. அதுக்குள்ள இங்க சிலுவை நட்டு, தெருவே கூடி அழுதுட்டிருந்துச்சு. "ஆள் சாகலையாம், எழுந்து போங்க"ன்னு எந்த வாயால சொல்றது? அப்புறம் ரோட்டோரக் கடைகளைத் தூக்குற நகராட்சி லாரி வந்துச்சு. இந்த வரிசையில பதினாலு கடை போச்சு. என் கடைகிட்ட வந்தாங்க, சிலுவையைப் பார்த்தாங்க, தொப்பியைக் கழட்டிட்டுத் திரும்பிப் போயிட்டாங்க. ரெண்டு தடவை. மீசை இல்லாத முகம் எனக்குப் பிடிபடல. ஆனா டாக்ஸியை விட்டு இறங்கி வாயைத் திறந்தீங்க பாருங்க, அப்பவே தெரிஞ்சுபோச்சு. ஊர் முழுக்க நீங்க நல்லா உசிரோட இருங்க, யாரு வேண்டாம்னா? இந்த ஒரு மூலையில மட்டும் செத்தவராவே இருந்துட்டுப் போங்க... என்ன கண்ணு பார்த்துக்கிட்டு நிக்கிறே? அவரு விரலைப் பிடிச்சு அந்தப் பொத்தானை அமுக்கு!