முகத்துக்குப் போட்ட மதிப்பெண்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், என் கண்பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. இந்த வயதிலும் கண்ணாடி போடாமல் செய்தித்தாள் படிக்கிறேன். நான் விடைத்தாள்களைப் படிக்காததற்குப் பார்வை மங்கியதுதான் காரணம் என்று உங்கள் விசாரணைக் குழுவில் யாரோ எனக்காகப் பரிந்து பேசினாராம். நல்ல மனது. ஆனால் அது உண்மையல்ல.

கல்லூரியில் இறுதியாண்டு குவாண்டம் இயற்பியலுக்கு வினாத்தாள் அமைப்பதும் நான்தான், திருத்துவதும் நான்தான். சேர்ந்த புதிதில் வரி விடாமல் படித்தேன். சாப்பாட்டு மேசை முழுக்க விடைத்தாள். என் மனைவி தட்டைக் கையில் ஏந்தி நின்றபடியே சாப்பிட்டாள். அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. தேர்வு முடிந்து வெளியே வரும்போது எவன் முகம் எப்படி இருந்ததோ, மதிப்பெண்ணும் அப்படியே வந்தது. "ஈஸிடா மச்சான்" என்று தோளில் கை போட்டுக்கொண்டு வந்தவன் தேறவில்லை. படிக்கட்டில் நின்று எலெக்ட்ரானை விரலால் சுற்றிக் காட்டிச் சண்டை போட்டவர்கள் தட்டுத் தடுமாறித் தேறினார்கள். பேயறைந்ததுபோல் வந்து, குழாயைத் திறக்க மறந்து அதன் முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்ற பெண் முதல் வகுப்பு. குவாண்டம் புரிந்தவனுக்குப் பயம் வரும். சிரிக்கிறவனுக்குக் கேள்வியே புரியவில்லை.

அதன்பிறகு எதற்கு மெனக்கெட வேண்டும்? தேர்வறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். தாள்கள் இருக்கை வரிசைப்படி வரும். முகத்தை நினைவில் வைத்து மேலட்டையில் எண்ணைப் போட்டுவிடுவேன். துறையிலேயே வேகமாகத் திருத்துபவர் என்று பாராட்டுகூடக் கிடைத்தது.

விசில்காரனுக்கு வருகிறேன். உங்களுக்கு அவன்தானே முக்கியம். தேர்வறையிலிருந்து விசிலடித்துக்கொண்டேதான் வருவான்.

"எப்படிப்பா இருந்துச்சு?"

"செம பேப்பர் சார். அந்த அஞ்சாவது கேள்வி இருக்கே, முடிக்கவே மனசு வரல."

முடிக்க மனம் வராத கேள்வியை நான் அமைப்பேனா? நூற்றுக்குப் பதினொன்று போட்டேன். அடுத்த முறையும் விசில், அடுத்த முறையும் பதினொன்று. இந்த ஒரு தாள் தேறினால் ஆராய்ச்சிப் படிப்பில் அவனுக்கு இடம் காத்திருந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

மூன்றாம் முறையும் தவறியபோது அவன் அம்மா என்னைத் தேடி வந்தார். "நல்லாத்தான் எழுதினேன்னு சொல்றான் சார். சோறே இறங்க மாட்டேங்குது அவனுக்கு. ஒரே ஒரு தடவை பிரிச்சுப் பாருங்க."

பெற்றவள் கண்ணீர் என்னை என்னவோ செய்தது. மறுமதிப்பீடும் என்னிடமேதான் வரும். மூன்று தாளையும் பிரித்துப் பார்த்தேன். எல்லாம் சரி. முதல் தாளின் ஐந்தாவது கேள்வியில் நான் விட்டிருந்த பிழையைக்கூட மரியாதையாகச் சுட்டிக்காட்டி, திருத்தி, அதற்கும் விடை எழுதியிருந்தான். நான் கல்நெஞ்சக்காரன் அல்ல, வெகுநேரம் யோசித்தேன். இவன் ஒருவனுக்காக இறங்கி வந்தால், இத்தனை ஆண்டுகளாக நான் போட்ட மதிப்பெண்ணெல்லாம் என்ன ஆவது? பட்டம் வாங்கிப் பிழைப்பைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களின் நிம்மதியைக் கெடுக்கலாமா? "மாற்றமில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

நான்காம் முறை அவன் விசிலடிக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். முகம் வெளுத்திருந்தது, உதடு துடித்தது, கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. எனக்கு மனம் நிறைந்துவிட்டது. ஒருவழியாகப் பையன் இயற்பியல் கற்றுக்கொண்டான். தொண்ணூற்றாறு போட்டேன், கல்லூரியிலேயே முதலிடம்.

முதலிடம் பெற்ற விடைத்தாளை நூலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் விரித்து வைப்பது எங்கள் வழக்கம். நூலகர் விரித்திருக்கிறார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஓர் எழுத்தும் இல்லை. அதனால்தான் இன்று நீங்கள் என் எதிரில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

ஆமாம், சரியான விடைகளுக்கு மூன்று முறை பதினொன்று போட்டது நான்தான். வெற்றுத் தாளுக்குத் தொண்ணூற்றாறு போட்டதும் நான்தான். பையன் இப்போது அறையைவிட்டு வெளியே வருவதில்லை, பெற்ற தாயிடம்கூடப் பேசுவதில்லை என்கிறீர்கள். கேட்க வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் மீதி நான்கு மதிப்பெண்ணை ஏன் குறைத்தேன் என்று உங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. மதிப்பெண் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். அன்று அழுதுகொண்டே என்னைக் கடந்து போகும்போது, "வணக்கம் சார்" என்றான். முழுசாகப் புரிந்தவனாக இருந்தால் அந்த வார்த்தைகூட வாயில் வந்திருக்காது.