ரயில்வே கேட்டில் நின்ற ஆம்னி

எங்கள் ஆம்னி வேன் ஓடும்போது நன்றாகத்தான் ஓடும். நின்றால்தான் தொல்லை. கேஸுக்கு மாற்றிய பழைய வண்டிகள் பலவற்றுக்கும் இது உண்டு. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் என்ஜின் நடுங்கும், இருமும், அடங்கிவிடும்.

அண்ணன் விருத்தகிரி அதில்தான் செராமிக் பொம்மைகளை வைக்கோலில் பொதிந்து கடைகளுக்குக் கொண்டுபோவான். முதல்முறை இந்தக் கோளாறு வந்தபோது மெக்கானிக் பக்கிரி பிளக்கை மாற்றினார், ஏர் ஃபில்டரை மாற்றினார். சரியாகவில்லை. ஆம்னிக்கு என்ஜின் முன்சீட்டின் அடியில். நான் சீட்டைத் தூக்கிக் காது கொடுத்துக் கேட்டேன். மெல்லிய சீறல். என்ஜினிலிருந்து கேஸ் கிட்டுக்குப் போகும் சிறிய ரப்பர் குழாய் தளர்ந்து, வெளிக்காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது. வேகமாகப் போகும்போது அந்தக் காற்று ஒரு பொருட்டில்லை. நிற்கும்போது அதுவே என்ஜினை அணைத்துவிடும். குழாயை அழுத்திச் செருகி கிளிப்பை இறுக்கினேன்.

"பக்கிரிண்ணே, கடைய சாத்திட்டு எந்தங்கச்சிகிட்ட வேலைக்கு சேந்துடுங்க. பிஎஸ்சி பிசிக்ஸுன்னா சும்மாவா?" என்றான் அண்ணன், தெருவே கேட்க.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. வீட்டிலும் என்னிடம் பேச யாருக்கும் பெரிதாக எதுவும் இருந்ததில்லை. அன்று முழுக்க அண்ணன் என்னோடு பேசினான்.

பிறகு அவனுக்குக் கல்யாணம் ஆனது. துர்கா அண்ணி நல்லவர். எனக்குத் தலை பின்னிவிடுவார். அவர்மேல் எனக்குக் கோபம் இருந்ததே இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். ஆனால் அண்ணனின் பேச்செல்லாம் அண்ணியோடு என்றாகிவிட்டது. அதனால் கிளிப்பைக் கொஞ்சம் தளர்த்தினேன்.

"தமிழு, வண்டி மறுபடி அடங்குது. வந்து பாரேன்" என்று கூப்பிட்டான். பார்த்தேன். அதன்பிறகு அவன் என்னை மறந்த போதெல்லாம் தளர்த்தினேன். யாருக்கும் நஷ்டமில்லை.

அண்ணிக்கு எட்டாம் மாதம். ஒரு மத்தியானம் திடீரென்று உதிரப்போக்கு. அண்ணன் ஓட்டினான். பின்னால் அண்ணியின் தலை என் மடியில். ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டி நின்றது; என்ஜினும் அடங்கியது. பெட்ரோலுக்கு மாற்றிக் கிளப்பலாம். ஆனால் கேஸ் வண்டிக்காரர்கள் பலரைப் போல அண்ணனும் பெட்ரோல் டேங்கைக் காயவிட்டிருந்தான்.

கேட் திறந்தது. பின்னாலிருந்து லாரிகள் ஹாரன் அடித்தன. அண்ணன் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"தமிழு, என்னன்னு பாரும்மா."

"நீ இருக்கறப்ப எனக்கென்ன பயம்" என்று அண்ணி என் விரல்களைப் பிடித்துக்கொண்டார்.

குழாயைச் செருக ஒரு நிமிஷம்கூட ஆகாது. என் கைக்கு எட்டும் தூரம்தான். ஆனால் முந்தின நாள் கிளிப்பை முழுதாகவே கழற்றி என்ஜின் பக்கத்தில் வைத்திருந்தேன். சீட்டைத் தூக்கினால் அண்ணனும் பார்ப்பான். அது தானாகக் கழன்றதல்ல என்று தெரிந்துபோகும். அப்புறம் அவன் என்னோடு பேசவே மாட்டான்.

"தெரியலண்ணா" என்றேன்.

அவன் கேட்டுக்கு அந்தப் பக்கம் ஓடி, ஓர் ஆட்டோவை மறித்துக் கூட்டிவந்தான். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்றார்கள் ஆஸ்பத்திரியில். பெண் குழந்தை. தங்கவில்லை. அண்ணி பிழைத்துக்கொண்டார்.

வண்டியைக் கட்டி இழுத்துவந்ததும், பக்கிரி வருவதற்குள் கிளிப்பை மாட்டிவிட்டேன். "கேஸ் வண்டின்னாலே இப்பிடித்தாங்க" என்றார் அவர்.

இப்போதும் எங்காவது ஒரு வண்டி நின்றபடி நடுங்கினால் என் மடி கனக்கிறது. ஈரமாகவும் படுகிறது. தொட்டுப் பார்த்தால் துணி காய்ந்துதான் இருக்கிறது.

அண்ணி திட்டக்குடியில் அம்மா வீட்டில் இருக்கிறார். அண்ணன் வேலை முடிந்து வந்து என்னோடுதான் சாப்பிடுகிறான், பேசுகிறான், சில நாள் அழுகிறான். அண்ணியை அழைத்துவர நாளை கிளம்புவதாக இருந்தான். இன்று காலையிலிருந்து வண்டி மறுபடி அடங்குகிறது. மெதுவாகப் பார்த்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

நான் மட்டும் இல்லையென்றால், பாவம், அண்ணன் என்ன செய்வான்.