ஒண்ணும் ஆகாது மாமா

எம்.ஆர்.ஐ. அறையில் எல்லோரையும் முதலில் மிரட்டுவது அந்தச் சத்தம்தான். யாரோ தகரத்தைச் சுத்தியலால் அடிப்பதுபோல இருக்கும். "எக்ஸ்ரே மாதிரி கதிர்வீச்செல்லாம் கிடையாது, வெறும் காந்தம்தான்" என்று சொல்லிக் காதில் பஞ்சு வைத்துவிடுவேன். மூளை, தண்டுவடம், மூட்டுச் சவ்வு இதையெல்லாம் இவ்வளவு தெளிவாக வேறெதுவும் காட்டாது. உள்ளே அனுப்புமுன் மறக்காமல் கேட்க வேண்டியது ஒன்றுதான்: உடம்பில் எங்காவது இரும்பு இருக்கிறதா?

அக்கா வீட்டுக்காரருக்கு முதுகில் டிஸ்க் விலகிக் கால் மரத்துப்போனது. ஸ்கேன் எடுக்கச் சொன்னார் டாக்டர். மாமா லேத் பட்டறைக்காரர். குடி கிடையாது, உழைப்பாளி. ஆனால் அக்கா ஜன்னல் பக்கம் நின்றால் "அங்க யாரு?" என்பார். வெளியே பூட்டிச் சாவியோடுதான் வேலைக்குப் போவார்.

"என்னால முடியலடா. உன் வீட்டுக்கே வந்துடறேன்" என்று அக்கா அழுதாள்.

"வந்து உட்கார்ந்தா நாலு பேர் என்ன பேசுவாங்க? நான் பார்த்துக்கறேன்க்கா."

பார்த்துக்கொண்டேன்.

முன்பு பட்டறையில் இரும்புச் சில்லுகள் தெறித்து மாமாவின் இடது கண் போயிற்று. வலது கண்ணுக்குள் ஆழமாகப் புகுந்த சில்லை, எடுத்தால் ஆபத்து என்று அப்படியே விட்டுவிட்டார்கள்; அவருக்குப் பார்வை அந்த ஒரு கண்ணில்தான். அன்று அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனவனே நான்தான்.

"நம்ம மாமாதான், நானே கேட்டுக்கறேன்" என்று நர்ஸை அனுப்பிவிட்டேன். படுத்த பிறகு அவராகவே கேட்டார்.

"கண்ணுல அந்தச் சில்லு இருக்கே மச்சான், பரவாயில்லையா?"

"ஒண்ணும் ஆகாது மாமா. அசையாம படுங்க."

உள்ளே போகும்போதே கத்தினார். கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை விடாமல் அழுத்தினார். என் மேசையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான் நிறுத்தவில்லை. முதுகைப் படம் எடுக்கத்தானே வந்தார்? முடிந்தவரை எடுத்தேன்.

கவனக்குறைவு என்று சொல்லச் சொல்கிறார் வக்கீல். சொல்ல மாட்டேன். என் வேலையில் எனக்குக் கவனக்குறைவே கிடையாது. தெரிந்துதான் செய்தேன். நாளைக்கே அவர் வந்து படுத்தாலும் அதையேதான் செய்வேன்.

இனி அவர் யாரை வேவு பார்ப்பார்? காலையில் எழுந்ததும் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறாராம், தூங்கும்வரை விடுவதில்லையாம். அவள் என்னோடு பேசுவதில்லை. அதிர்ச்சி, போகப் போகச் சரியாகிவிடும். நான் மட்டும் இல்லையென்றால் இந்நேரம் அவள் வாழாவெட்டியாக என் வாசலில் வந்து நின்றிருப்பாள்.