முப்பதாவது வாரத்து வளையல்

கிஷன்: எழுதி வச்சுக்குங்க மாமா. கிள்ளான்ல பொறந்த மனுசங்கள்ல எதைப் பாத்தும் அசராத ஒரே ஆளு நான்தான். இரட்டைக் கோபுரத்தையே பாத்துட்டு, "ம்... உயரம்தான்"னு சொன்னவன்.

பரமேஸ்வரன்: மாஸ்க்கை மேல ஏத்து லா. மூக்கு தெரியுது. இது ஐசியூ வாசல், உன் காலேஜ் கேன்டீன் இல்ல.

கிஷன்: ஏத்திட்டேன். உள்ள அக்கா எப்படி இருக்கா?

பரமேஸ்வரன்: அப்படியேதான். மயக்கம்... மெஷின்தான் மூச்சு விடுது. சாதாரண ஃப்ளூ காய்ச்சல்னுதானே நெனச்சோம். ஏழு மாச வயித்தோட, நாலே நாள்ல நுரையீரல் ரெண்டும்...

கிஷன்: தெரியும் மாமா. ஆக்சிஜன் ஏறணும்னு காலையில குப்புறப் படுக்க வச்சாங்கள்ல, கண்ணாடி வழியா பாத்தேன். ஆறு பேரு. தலைமாட்டுல ஒரு டாக்டர் நின்னு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ண... பத்துமலைத் தேரைத் திருப்பற மாதிரி. வயிறு மட்டும் தலகாணிங்களுக்கு நடுவுல, எதுலயும் படாம...

பரமேஸ்வரன்: அசந்துட்டியா?

கிஷன்: கவனிச்சேன். அசரல.

பரமேஸ்வரன்: டேய்... ஒண்ணு சொல்றேன், உங்கம்மாகிட்ட சொல்லிடாத. மலரோட வளைகாப்பு வளையல் இருக்குல்ல... ஊசி ஏத்தணும்னு நர்ஸ் மிஸ்ஸி கழட்டி, பிளாஸ்டிக் பையில போட்டு என்கிட்டதான் குடுத்தாங்க. காணோம்.

கிஷன்: பிரிக்பீல்ட்ஸ்ல வாங்கின கண்ணாடி வளையலா?

பரமேஸ்வரன்: அதேதான். பிரசவம் வரைக்கும் கையை விட்டு இறங்கக் கூடாது, குழந்தை அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே இருக்கணும்னு அத்தை சொன்னாங்கள்ல... கையிலதான் இருக்குன்னு பொய் சொல்லிட்டேன்.

கிஷன்: அம்மா நம்பிட்டாங்களா?

பரமேஸ்வரன்: நம்பிட்டாங்க. உனக்கு இதெல்லாம் சிரிப்பு. அன்னிக்கு மண்டபத்துல மைக்கைப் பிடுங்கி என்ன சொன்னே?

கிஷன்: "வளையல் சத்தத்துல மூளை வளரும்னா, வளையல் கடைக்காரர் பிள்ளைங்கள்லாம் ஏன் இன்னும் டாக்டர் ஆகல?" கைத்தட்டல் வந்துச்சு மாமா.

பரமேஸ்வரன்: உங்கக்காதான் முதல்ல தட்டுனா. வளையல் குலுங்கக் குலுங்க.

கிஷன்: ...ஆமா.

பரமேஸ்வரன்: சாயந்தரத்துக்குள்ள ஆக்சிஜன் ஏறலன்னா குழந்தையை வெளிய எடுத்துடுவாங்களாம். முப்பது வாரம்தாண்டா ஆகுது...

நர்ஸ் புஷ்பவல்லி: மலர்விழி வீட்டுக்காரர் யாரு?

பரமேஸ்வரன்: நான்தான் மிஸ்ஸி! என்ன ஆச்சு?

நர்ஸ் புஷ்பவல்லி: பயப்படாதீங்க அண்ணே. ஆக்சிஜன் ஏறிட்டு வருது. இப்ப எடுக்க வேணாம், உள்ளயே இருக்கட்டும்னு டாக்டர் சொல்லிட்டாங்க.

பரமேஸ்வரன்: முருகா... கேட்டியா கிஷன்... டேய், உக்காரு, உக்காரு. கால் ஏன் இப்படி நடுங்குது?

கிஷன்: ஏர்கோன் மாமா. குளிருது.

நர்ஸ் புஷ்பவல்லி: ஒருத்தர் பத்து நிமிஷம் உள்ள வரலாம். தம்பி, நீங்கதானே? கையைக் கழுவிட்டு, அந்த வளையல் பையையும் நல்லாத் துடைச்சுடுங்க.

பரமேஸ்வரன்: எந்த... பை?

நர்ஸ் புஷ்பவல்லி: மூணு நாளா வயித்துக்கிட்ட வச்சுக் குலுக்கறாரே... உங்களுக்குத் தெரியாதா?

பரமேஸ்வரன்: டேய்!

கிஷன்: சத்தம் போடாதீங்க மாமா... மெதுவாக் குலுக்கினா, குழந்தையோட இதயத்துடிப்பு நூத்தி நாப்பதுலேருந்து நூத்தி அறுபதுக்கு ஓடுது. ஒவ்வொரு தடவையும். அக்கா முழிக்கற வரைக்கும்... அவ கைக்குப் பதிலா யாராவது குலுக்கணும்ல.